மொதல்ல பிளக் பாயிண்ட், அப்புறம்தான் கிராபிக்ஸ் கார்டு

போன வாரம் பாலக்கோட்டுல இருந்து சித்தி பையன் வாட்ஸ்அப்ல ஒரு லிஸ்ட் அனுப்பிச்சான். பன்னெண்டாவது பரீட்ச முடிஞ்சுது, கேமிங் பீசி வாங்கித் தரேன்னு சித்தப்பா சொல்லிட்டாரு, "அண்ணா இத பாத்து ஓகேவான்னு சொல்லுங்க"ன்னு. மொத வரி கிராபிக்ஸ் கார்டு, ரெண்டாவது பிராசசர், அப்புறம் லிக்விட் கூலர், லைட் எரியுற ஃபேன் ஆறு, மூணு பக்கம் கண்ணாடி வச்ச கேபினெட், எல்லாத்துக்கும் கடைசில 'எஸ்எம்பிஎஸ் ஏதாவது 650 வாட்ஸ்'. எஸ்எம்பிஎஸ்னா சுவத்துல வர்ற கரண்ட பீசிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற பெட்டி. கரண்ட் போனா பேட்டரில தாங்குற யூபிஎஸ்னு ஒரு வரியே இல்ல. அந்த 'ஏதாவது'வ பாத்ததும் எனக்கு வயித்த கலக்கிடுச்சு. ஃபோன்ல சொன்னா பாதி மறந்துடுவான், அதனால என் பீசிக்கு ஒவ்வொண்ணையும் எப்படி பாத்து எடுத்தேன்னு முழுசா எழுதிடுறேன், நம்ம பக்கத்துல வேற யாராச்சும் வாங்குறதா இருந்தாலும் உதவும்.

2019ல எனக்கு ஒரு பீசி இருந்துச்சு, பக்கத்து டவுன்ல ஒரு கடைல அசெம்பிள் பண்ணது. ஐப்பசி மழ, சாயங்காலம், கரண்ட் போய்ப் போய் வருது, மூணாவது தடவ வந்தப்ப டப்புனு ஒரு சத்தம், ரூம் பூரா கருகுன வாசன. எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருந்தா பரவால்ல, போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேத்து கூட்டிட்டுப் போயிடுச்சு. அந்த டிஸ்க்லதான் அக்கா கல்யாண வீடியோ இருந்துச்சு, வேற எங்கயும் காப்பி இல்ல. கடைக்குப் போனா கரண்ட் பிரச்சனைக்கு வாரண்டி கெடையாதுன்னுட்டாங்க. அந்த எஸ்எம்பிஎஸ்ஸ கழட்டி கைல எடுத்துப் பாத்தேன், மேல 500 வாட்ஸ்னு ஸ்டிக்கர், ஆனா வெயிட்டே இல்ல, காலி டப்பா மாதிரி இருந்துச்சு. அடுத்த பீசி வாங்க ஆறு வருஷம் ஆச்சு, 2025 ஜூன்லதான் வாங்குனேன், மானிட்டர் யூபிஎஸ் எல்லாம் சேத்து ரெண்டு லட்சம், ஓசூர்ல வேலைக்குப் போய் சேத்து வச்ச காசு.

எங்க வீடு காவேரிப்பட்டணத்துல இருந்து கொஞ்சம் உள்ள, சுத்தி மாந்தோப்பு, தோப்புக்கு ஒரு மோட்டார். பார்ட்ஸ் லிஸ்ட் எழுதுறதுக்கு முன்னாடி நான் வாங்குன மொத பொருள் 600 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர். ஒரு வாரம் காலைல, சாயங்காலம், ராத்திரி பிளக்குல வச்சு நோட்ல எழுதுனேன். காலைல 225 வோல்ட் இருக்கும், தோப்புல மோட்டார் ஓடுற நேரம் 180க்கு எறங்கும், ராத்திரி எல்லாரும் நிறுத்திட்டா 250 தாண்டும். நல்ல எஸ்எம்பிஎஸ் 100ல இருந்து 240 வரைக்கும் தாங்குற மாதிரிதான் செஞ்சிருப்பாங்க, அதனால 180ங்குறது அதுக்கு ஒரு பிரச்சனையே இல்ல, கொஞ்சம் அதிகமா ஆம்ப்ஸ் இழுத்துக்கும் அவ்ளோதான், 500 வாட்ஸ் லோடுக்கு 230ல ரெண்டு ஆம்ப்ஸுக்கு கொஞ்சம் மேல போனா 180ல கிட்டத்தட்ட ரெண்டேமுக்கால் வந்துடும். பிரச்சன என்னன்னா படக்குனு எறங்கி படக்குனு ஏறுறதுதான், அப்புறம் அந்த 250.

அதே மீட்டர வச்சு எர்த்தும் பாத்தேன். பழைய பீசில கேபினெட்ட தொட்டா வெரல்ல சுருசுருன்னு இருக்கும், நான் அது சகஜம்னு வருஷக்கணக்கா நெனச்சிட்டு இருந்தேன். சகஜமே இல்ல. எஸ்எம்பிஎஸ் உள்ள வர்ற எடத்துல சின்ன கெப்பாசிட்டர் ரெண்டு இருக்கும், அது இரைச்சல எர்த்துக்கு தள்ளி விடுறதுக்கு, எர்த் இல்லேன்னா கேபினெட் தகரத்துலயே பாதி வோல்டேஜ் நிக்கும், ஆம்ப்ஸ் ரொம்ப கம்மிங்குறதால ஆள ஒண்ணும் பண்ணாது ஆனா ஹெச்டிஎம்ஐ கேபிள் சொருகும்போது அது போர்டு வழியா போகும். எங்க வீட்டு பிளக்குல மூணாவது ஓட்டைக்கு பின்னாடி வயரே இல்ல. கரண்ட் வேல பாக்குற அண்ணன ஒருத்தர கூப்ட்டு எர்த் குழி போடச் சொன்னேன், நம்ம ஊர் மண்ணு தெரியும்ல, மூணடி தோண்டுனா பாற, எடம் மாத்தி கெணத்து பக்கம் ஈர மண்ணா பாத்து குழி எடுத்து பைப்பு எறக்கி கரியும் உப்பும் போட்டு மூடுனாரு. கூலி பொருள் எல்லாம் சேத்து நாலாயிரம். இப்ப நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் ரெண்டு வோல்ட்டுக்கு கீழதான் காட்டுது. ரெண்டு லட்ச ரூபாய் பீசில இந்த நாலாயிரத்த விட உருப்படியா வேற எதுலயும் செலவு பண்ணலேன்னு இன்னைக்கும் சொல்லுவேன்.

அடுத்து மானிட்டர். கார்டு எதுன்னு முடிவு பண்றது மானிட்டர்தான், இத தலைகீழா செஞ்சுதான் நெறைய பேர் காச விடுறாங்க. 1080, 1440, 4கேன்னா ஸ்கிரீன்ல எவ்ளோ புள்ளிங்குற கணக்கு, ஏற ஏற கார்டுக்கு வேல கூடும். 1080 மானிட்டர வச்சிகிட்டு 80,000 ரூபாய் கார்டு வாங்குனா அந்த கார்டு பாதி நேரம் சும்மா உக்காந்திருக்கும், 4கே மானிட்டர் வாங்கிட்டு கார்டுக்கு காசு இல்லேன்னா படம் திக்கித் திக்கிப் போகும். நான் எடுத்தது 27 இன்ச், 1440, 180 ஹெர்ட்ஸ், 19,000 ரூபாய். அதுக்கு 16 ஜிபி மெமரி இருக்குற கார்டுதான் வேணும்னு முடிவு பண்ணேன், ஏன்னா இப்ப வர்ற பெரிய கேம்கள்ல டெக்ஸ்சர் ஃபுல்லா வச்சு, வெளிச்சம் நெழல நெசமா காட்டுற ரே டிரேசிங்கும் போட்டா 12 ஜிபி முட்டிக்கிற எடம் வருது, மெமரி பத்தலேன்னா வேகம் கொஞ்சம் கொறையறதோட நிக்காது, நடுநடுவுல விக்கும், அந்த விக்கல்தான் கேம் ஆடுறவனுக்கு ஆகாதது.

16 ஜிபில நான் ஒப்பிட்டுப் பாத்தது ரெண்டு, 2025 பிப்ரவரில வந்த என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, மார்ச்ல வந்த ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி. ரெண்டும் கரண்ட் இழுக்குறது கிட்டத்தட்ட ஒண்ணுதான், 300 வாட்ஸ், 304 வாட்ஸ். என்விடியா கார்டுல ரே டிரேசிங் நல்லாருக்கும், படத்த சின்னதா வரைஞ்சு பெருசாக்கி வேகம் கூட்டுற டிஎல்எஸ்எஸ் நெறைய கேம்ல இருக்கு, வீடியோ எடிட்டிங் பிளெண்டர்னு பண்றவங்களுக்கு அதான் சரி, இதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா நான் பாத்த அன்னிக்கு ரெண்டுக்கும் நடுவுல 13,000 ரூபாய் வித்தியாசம். அந்த 13,000 எனக்கு வேற எடத்துல வேணும், அதனால விலை கம்மியான 9070 எக்ஸ்டியே எடுத்தேன்.

எங்கன்னா யூபிஎஸ்ல. கணக்கு போட்டுப் பாருங்க, கார்டு 304, பிராசசர் கேம் ஆடும்போது ஒரு 70, போர்டு, ரேம், ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் ஒரு 50 வச்சுக்கோங்க, எஸ்எம்பிஎஸ் சூடா விடுறதையும் சேத்தா சுவத்துல இருந்து 480 போகும், மானிட்டர் 40, ஆக 520 வாட்ஸ். கடைல பீசிக்கு யூபிஎஸ்னு கேட்டா எடுத்து வைக்கிறது 600 விஏ, விஏன்னா வாட்ஸ் இல்ல, அது தாங்குறது 360 வாட்ஸ்தான், கரண்ட் போன அந்த செகண்ட் கேம் ஓடிட்டு இருந்தா பீப்புனு கத்திட்டு அதுவும் சேந்து ஆஃப் ஆயிடும். இன்னொன்னு, விலை கம்மியான யூபிஎஸ் பேட்டரில ஓடும்போது கரண்ட கட்டை கட்டையா வெட்டி அனுப்பும், சுவத்து கரண்ட் மாதிரி வழுவழுன்னு வளைஞ்சு போற சைன் வேவ் வராது, இப்ப இருக்குற நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாத்துலயும் கரண்ட சீரா இழுக்க வைக்கிற ஆக்டிவ் பிஎஃப்சிங்குற சர்க்யூட் இருக்குறதால சில சமயம் அத ஒத்துக்காம டிரிப் ஆயிடும். வீட்டு இன்வெர்ட்டர்லயே போடலாமேடான்னு அப்பா கேட்டாரு, எங்க வீட்டுது பழைய ஸ்கொயர் வேவ், அதுவும் மாறுறதுக்கு எடுத்துக்குற நேரம் ஜாஸ்தி, ஃபேன் லைட்டுக்கு தெரியாது, பீசி ரீஸ்டார்ட் ஆயிடும். நல்ல எஸ்எம்பிஎஸ் ஃபுல் லோடுல கரண்ட் இல்லாம தாக்குப் பிடிக்கிறதே 12ல இருந்து 17 மில்லிசெகண்ட் அளவுதான், அதுக்குள்ள பேட்டரிக்கு மாறியாகணும். அதனால 1500 விஏ, 900 வாட்ஸ், பியூர் சைன் வேவ், லைன் இன்டராக்டிவ், அதாவது வோல்டேஜ் கொஞ்சம் எறங்குனா ஏறுனா பேட்டரிய தொடாம அதுவே சரி பண்ணிக்கிறது. 18,000 ரூபாய். கார்டுல மிச்சம் பண்ண 13,000மும் அங்கதான் போச்சு, எனக்கு ஒரு நாள் கூட வருத்தம் இல்ல.

அப்பா லாரி ஓட்டுனவரு, முப்பது வருஷம், இன்னைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44ஐ பழைய பேர்லதான் சொல்லுவாரு, ஏழாம் நம்பர் ரோடுன்னு. இந்த கணக்கெல்லாம் சொன்னதும் அவருக்கு உடனே புரிஞ்சுது. "டீசல் சுத்தமா வராத வண்டிக்கு எஞ்சின் எவ்ளோ பெருசா போட்டு என்னடா ஆகப்போவுது"ன்னாரு.

எஸ்எம்பிஎஸ் 850 வாட்ஸ், கோல்டு, ஏடிஎக்ஸ் 3.1ங்குற புது தரம், பத்து வருஷ வாரண்டி, பத்தாயிரத்து சொச்சம். ஏஎம்டியே அந்த கார்டுக்கு 750 போதும்னுதான் சொல்றாங்க, நான் ஒரு படி மேல போனதுக்கு காரணம் கார்டு ஒரு கண் சிமிட்டுற நேரத்துக்கு அதோட கணக்க விட நெறைய இழுக்கும், அதோட பாதி லோடுல ஓடுனா எஸ்எம்பிஎஸ் சூடாகாது, ஃபேன் சத்தமும் இல்ல. தம்பி, 80 பிளஸ் கோல்டுன்னு ஸ்டிக்கர் இருந்தா மட்டும் நல்லதுன்னு நெனச்சிடாத, அது எவ்ளோ கரண்ட் வீணாகுதுங்குறதுக்கான மார்க்குதான், ஓவர் வோல்டேஜ் வந்தா தன்ன மட்டும் நிறுத்திக்குமா இல்ல போர்டையும் கூட்டிட்டுப் போகுமாங்குறத அது சொல்லாது. அதுக்கு பிரிச்சுப் போட்டு டெஸ்ட் பண்ணவங்க எழுதுன ரிவ்யூவ படிக்கணும், மாடல் பேரோட. கார்டு எடுக்கும்போதும் பழைய 8 பின் கனெக்டர் இருக்குறதா பாத்து எடுத்தேன். 2022 கடைசில என்விடியாவோட 4090 கார்டு வந்தப்ப அந்த புது சின்ன கனெக்டர் சில பேருக்கு உருகுன செய்தி எல்லாருக்கும் தெரியும், முழுசா உள்ள போகாம இருந்ததும் ஒரு காரணம்னாங்க, அப்புறம் அத திருத்தி 12வி-2x6னு விட்டாங்க. அந்த கனெக்டர் இருக்குற கார்டே வாங்குனாலும் கேபிள கடைசி வரைக்கும் அழுத்திட்டு, கனெக்டர் கிட்டயே வளைக்காம விடணும்.

இப்ப பிராசசர். நான் ஆடுறது பெரும்பாலும் யூரோ டிரக் சிமுலேட்டர் 2, நம்மாளுங்க தனியா செஞ்சு கேம்ல சேத்த பஸ் மோடு, லாரி மோடோட. 2012ல வந்த கேம், பாக்க லேசா தெரியும், ஆனா வேலைய பிராசசரோட ஒரே கோர் தலைல கட்டுற கேம், மோடு ஏத்த ஏத்த கார்டு சும்மா இருக்கும், பிராசசர் மூச்சு வாங்கும். அதுக்காகத்தான் ரைசன் 7 7800எக்ஸ்3டி. எட்டு கோர், பிராசசர் உள்ளயே இருக்குற வேகமான மெமரியான எல்3 கேஷ் 96 எம்பி, சாதாரண எட்டு கோர் ரைசன்ல 32தான் இருக்கும். கேஷ் பெருசா இருந்தா அடிக்கடி ரேமுக்கு ஓடிப் போய் எடுத்துட்டு வர வேண்டியதில்ல, சிமுலேட்டர் கேமுக்கு அது மருந்து மாதிரி. 2024 நவம்பர்ல வந்த 9800எக்ஸ்3டி இன்னும் வேகம், கேஷ கோருக்கு அடில வச்சிருக்காங்க அதனால சூடும் சுலபமா எறங்கும், ஆனா 1440ல என் கார்டோட எனக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கு தெரியப் போறதில்ல, 9,000 மிச்சம். நீ ஆடுறது கதை கேம்தான்னா தம்பி, இந்த எக்ஸ்3டியே வேணாம், ரைசன் 5 7600 எடு, ஆறு கோர், 65 வாட்ஸ், 1440ல எப்படியும் கார்டுதான் மூச்சு வாங்கும். நாளைக்கு ஆசப்பட்டா அதே ஏஎம்5 போர்டுல பிராசசர மட்டும் மாத்திக்கலாம், அந்த சாக்கெட்டுக்கு 2027 வரைக்கும் அதுக்கு மேலயும் பிராசசர் விடுவோம்னு ஏஎம்டி சொல்லியிருக்காங்க.

போர்டு பி650, 15,500. எக்ஸ்670 எல்லாம் எனக்கு தேவப்படல. நான் பாத்தது ரெண்டே விஷயம், பிராசசருக்கு கரண்ட் குடுக்குற விஆர்எம் மேல நல்லா கனமா ஹீட்சிங்க் இருக்கா, பிராசசர் இல்லாமலே பென்டிரைவ்ல பயாஸ், அதாவது போர்ட ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர் ஏத்துற பட்டன் இருக்கா. அந்த பட்டன் ஏன்னா, 2023 ஏப்ரல்ல இந்த எக்ஸ்3டி பிராசசருங்க சில போர்டுல எரிஞ்சு போச்சு, பிராசசர்ல ஒரு பகுதிக்குப் போற எஸ்ஓசி வோல்டேஜ் அளவுக்கு மீறி போனதால, அப்புறம் 1.3 வோல்ட்டுக்கு மேல போகக் கூடாதுன்னு பயாஸ்லயே பூட்டு போட்டாங்க. கடைல ரொம்ப நாளா கெடந்த போர்டுல பழைய பயாஸ் இருக்கலாம், அதனால போர்டு கைக்கு வந்ததும் மொத வேல பயாஸ் அப்டேட்.

ரேம் டிடிஆர்5, 6000, சிஎல்30, 16 ஜிபி ரெண்டு. ஏஎம்5க்கு 6000தான் சரியா ஒத்துப் போற வேகம், அதுக்கு மேல போனா காசுதான் போகும். நாலு குச்சி போடாத, வேகம் கொறைஞ்சுடும். நான் வாங்குனப்ப 9,500, அதுக்கப்புறம் 2025 கடைசில ஏஐ டேட்டா சென்டருக்கெல்லாம் மெமரி போக ஆரம்பிச்சு விலை ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு, உன் லிஸ்ட்ல இருக்குற லைட் எரியுற ரேம எடுத்துட்டு சாதா ரேம் போட்டா கொஞ்சமாச்சும் தாங்கும். எஸ்எஸ்டி ஜென்4, 2 டிபி. ஜென்5 சூடு ஜாஸ்தி, கேம் ஓப்பன் ஆகுறதுல பெருசா எந்த லாபமும் இல்ல.

கூலிங் பத்தி கொஞ்சம் நீட்டிதான் எழுதணும், ஏன்னா யூடியூப்ல டெஸ்ட் பண்றவங்க ஏசி ரூம்ல 22, 24 டிகிரில பண்றாங்க, என் ரூம் மொட்ட மாடிக்கு நேர் கீழ, சித்திர வெயில்ல சாயங்காலம் ஆறு மணிக்கு கூட உள்ள 37. அவங்க காட்டுற நம்பரோட பதிமூணு பதினஞ்ச கூட்டிக்கிட்டுதான் நாம பாக்கணும். 7800எக்ஸ்3டிக்கு உச்சம் 89 டிகிரி, அதத் தொட்டா தானா வேகத்த கொறைச்சுக்கும். நான் லிக்விட் கூலர் போடல, ரெண்டு ஃபேன் வச்ச டவர் ஏர் கூலர், 4,000 ரூபாய், இந்த பிராசசர் இழுக்குற 70 வாட்ஸுக்கு அது தாராளம். லிக்விட்ல பம்ப்பு ஒண்ணு இருக்கு, அது ஒரு நாள் நின்னா நான் பெங்களூருக்கோ சென்னைக்கோ அனுப்பிட்டு வாரக்கணக்குல உக்காந்திருக்கணும், ஏர் கூலர்ல ஃபேன் போனா கிருஷ்ணகிரிலயே 120 எம்எம் ஃபேன் கெடைக்கும், மாட்டிட்டு அன்னைக்கே ஆடலாம். கூலர் ஒசரம் 155 மில்லிமீட்டர், கேபினெட் எவ்ளோ தாங்கும்னு பாத்துட்டு வாங்கு, கண்ணாடிக் கதவு மூடாம திருப்பி அனுப்புனவங்கள பாத்திருக்கேன்.

அப்புறம் தூசி. நம்ம பக்கம் செம்மண் ரோடு ஒரு பக்கம், பர்கூர் பக்கம் கிரானைட் லாரி போற ரோடு இன்னொரு பக்கம், ஜன்னல தொறந்து வச்சா ரெண்டே நாள்ல டேபிள் மேல பேர் எழுதலாம். அதனால முன்னாடி மெஷ் இருக்குற கேபினெட், கழட்டி தண்ணில அலசுற ஃபில்டரோட. உள்ள காத்து இழுக்குற ஃபேன் மூணு, வெளிய தள்ளுறது ஒண்ணு, இப்படி வச்சா உள்ள காத்தழுத்தம் கூடுதலா இருக்கும், சந்துல பொந்துல இருந்து தூசி உறிஞ்சாது, ஃபில்டர் வழியா மட்டும்தான் காத்து வரும். பின்னாடி காலியா இருக்குற ஸ்லாட் தகடு ஒண்ணையும் கழட்டிப் போடாதீங்க, பல்லி உள்ள போகும், சூடான எடம் அதுக்குப் புடிக்கும், போர்டு மேல செத்துக் கெடந்தா போர்டும் சாகும், இது எங்க தெருவுலயே ஒரு பையன் வீட்ல நடந்தது. மாசம் ஒருக்கா புளோயர் அடிக்கிறேன், அடிக்கும்போது ஃபேன் றெக்கைய வெரலால புடிச்சுக்குவேன், சுத்த விட்டா அது டைனமோ மாதிரி கரண்ட் தயாரிச்சு போர்டுக்கு திருப்பி அனுப்பும்.

வாங்குனது பெங்களூரு எஸ்பி ரோடுல, கம்ப்யூட்டர் எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற எடம். கிருஷ்ணகிரில இருந்து 90 கிலோமீட்டர், காலைல பஸ் ஏறுனா மத்தியானத்துக்குள்ள வேல முடிஞ்சுடும், கடைக்காரங்க பாதிப் பேர் தமிழ்லயே பேசுறாங்க. ரெண்டு கடைல பில் இல்லாம எடுத்துக்கோங்க விலை கொறைச்சுத் தரோம்னாங்க, நான் வேணாம்னுட்டேன். 18 சதவீதம் ஜிஎஸ்டி கொடுத்து சீரியல் நம்பரோட பில் வாங்குனேன், அஞ்சு வருஷம் கழிச்சு வாரண்டிக்கு போய் நிக்கும்போது அந்த பேப்பர்தான் பேசும். போர்டு பாக்ஸ கடைலயே பிரிச்சு சாக்கெட் மூடிய தூக்கி பின் எல்லாம் நேரா இருக்கான்னு ஃபோன் டார்ச் அடிச்சு பாத்தேன், ஏஎம்5ல பின்னு பிராசசர்ல இல்ல போர்டுல இருக்கு, ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் வீட்டுக்கு கொண்டு வந்தப்புறம் நம்ம தப்புன்னுதான் சொல்லுவாங்க. கேபினெட்டும் மானிட்டரும் மட்டும் ஆன்லைன், அத பஸ்ல தூக்கிட்டு வர முடியாது, பிரிக்கும்போது ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் வெட்டாம வீடியோ எடுத்தேன்.

ஞாயித்துக்கிழம உக்காந்து மாட்டுனேன். ரேம் ரெண்டையும் பிராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது நாலாவது ஸ்லாட்ல போடணும். மொத தடவ ஆன் பண்ணதும் ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கருப்பு, ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், ஒண்ணும் வரல. இங்கதான் நெறைய பேர் பயந்து ஆஃப் பண்ணிடுறாங்க. டிடிஆர்5ல மொத தடவ போர்டு ரேம பழகிக்கிறதுக்கு சில நிமிஷம் எடுக்கும், கைய கட்டிட்டு உக்காரணும். எனக்கு நாலாவது நிமிஷம் வந்துச்சு. அப்புறம் பயாஸ் அப்டேட், அதுக்குள்ளயே ரேம அதோட சொன்ன வேகத்துல ஓட வைக்கிற எக்ஸ்போவ ஆன் பண்ணணும், இல்லேன்னா 6000க்கு காசு கொடுத்துட்டு 4800ல ஓடிட்டிருக்கும். மானிட்டர் கேபிள கார்டுல சொருகணும் போர்டுல இல்ல, விண்டோஸ்ல போய் 180 ஹெர்ட்ஸ்னு மாத்தணும், அது தானா 60லதான் நிக்கும்.

இந்த ஏப்ரல்ல ரூம் 37 டிகிரி இருக்குறப்ப ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பாத்தேன், பிராசசர் 78, கார்டு 69. சாயங்காலம் தோப்புல மோட்டார் போடும்போது யூபிஎஸ்ல டிக்னு ஒரு சத்தம் வரும், ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியாது. கேம்ல நான் மலை எறக்கம் எறங்கிட்டிருந்தப்ப அப்பா பின்னாடி நின்னு பாத்துட்டு "பிரேக்க மிதிச்சிகிட்டே எறங்காத, எஞ்சின் பிரேக்கு போடு, தொப்பூர்ல நியூட்ரல்ல விட்டவன், பிரேக்கு சூடாகி விட்டவன் எத்தன பேரு தெரியுமா"ன்னாரு. கேம்லயும் அது இருக்குப்பான்னு போட்டுக் காட்டுனேன், சேர இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு.

அக்கா கல்யாண வீடியோ கெடச்சுது, வீடியோ எடுத்தவரு கிட்ட ஒரு பழைய டிவிடி இருந்துச்சு. இப்ப அது எஸ்எஸ்டில ஒண்ணு, வெளிய ஒரு ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, அக்கா வீட்ல ஒண்ணு.

தம்பிக்கு பதில் அனுப்பிட்டேன், லிக்விட் கூலரயும் ஆறு ஃபேனையும் எடுத்துட்டு அந்த காச லிஸ்ட்டோட கீழ, எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் யூபிஎஸ்ஸுக்கும் கொண்டு வான்னு. "ஃபேன் நாலாச்சும் லைட்டோட இருக்கட்டும்ணா"ன்னான், சரி இருக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழம மல்டிமீட்டர எடுத்துகிட்டு பாலக்கோடு போறேன், சித்தப்பா வீட்டு பிளக்குல எர்த் இருக்கான்னு பாத்துட்டுதான் கார்டு எதுன்னு பேசப் போறோம்.